வெங்காயமும் தாளமும்: இசையமைப்பாளர் ஹைனர் கோயபல்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேடையில் நால்வர் தந்தி வாத்தியம் வாசிக்கிறார்கள். கூட ஒரே ஒரு நடிகர். நிகழ்ச்சி ஓரளவு போனதும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி அரங்கத்துக்கு வெளியே போய்விடுகிறார். கேமராவோடு ஒருவர் பின்னாலேயே போகிறார். மேடையில் ஒரு வெள்ளை வீட்டின் முகப்பு நிற்கிறது, அதுதான் திரை. அரங்க வாசல், தெரு, கார், பிறகு ஒரு குடியிருப்பு என்று படம் ஓடுகிறது. மனிதர் கதவைத் திறந்து சமையலறைக்குள் போகிறார். வெங்காயம் எடுத்து நறுக்குகிறார். ஆம்லெட் போடுகிறார்.

பார்க்க வேண்டியது அந்தக் கத்தியை. அது பலகையில் விழும் ஒவ்வொரு வெட்டும், மேடையில் நால்வர் அந்த நொடியில் வாசித்துக்கொண்டிருக்கும் தாளத்தில் போய் உட்காருகிறது. எப்போதோ எடுத்த படம் என்றால் இவ்வளவு கச்சிதமாக ஒட்டாது. நேரலை என்றால், கார் ஏறிப் போனவருக்கு இங்கே வாசிப்பது எப்படிக் கேட்கிறது? கூட்டம் இந்தக் கேள்வியோடு நெளிந்துகொண்டிருக்கும்போது முகப்பின் ஜன்னல்கள் வெளிச்சமாகின்றன. உள்ளே சமையலறை. உள்ளே அவர். அவ்வளவு நேரமும் நமக்கு முன்னாலிருந்த அந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார்.

2004இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், வீடி அரங்கத்தில் முதலில் மேடையேறிய படைப்பு இது. பெயர் 'எராரிட்ஜாரிட்ஜாகா'. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான அரண்டாவிலிருந்து வந்த சொல். தொலைந்துபோன ஒன்றுக்காக ஏங்குவது என்று பொருள். எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி தன் குறிப்புகளில் அதை எடுத்து வைத்திருந்தார். மேடையில் பேசப்படும் வாசகங்களும் கனெட்டியுடையவையே. நடித்தவர் பிரெஞ்சு நடிகர் ஆந்த்ரே வில்ம்ஸ், வாசித்தது நெதர்லாந்தின் மோண்ட்ரியான் நால்வர் குழு. உருவாக்கியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைனர் கோயபல்ஸ்.

பெயர் இடிக்கும். தமிழில் கோயபல்ஸ் என்றாலே புளுகுக்கு மறுபெயர். தேர்தல் மேடை தவறாமல் அந்தப் பெயர் அடிபடும். சரி, இவரை ஹைனர் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், இதே கதையில் இன்னொரு ஹைனர் வரப்போகிறார். அதனால் கோயபல்ஸ் என்றே இருக்கட்டும். படிக்கிறவர்கள் ஹிட்லரின் அமைச்சரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடவும்.

இந்த ஆய்வை வெங்காயத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தப் படைப்பில் ஒலிக்கும் இசையில் பெரும்பகுதி கோயபல்ஸ் எழுதியதல்ல. ஷோஸ்டகோவிச், ரவேல், பாக் என்று பிறருடைய நால்வர் இசையும் பிற உருப்படிகளும்தான். சொற்கள் கனெட்டியுடையவை. அப்படியானால் இசையமைப்பாளர் என்று எந்த உரிமையில் கையெழுத்துப் போடுகிறார்? கத்தியை ரவேலின் தாளத்தோடு கோத்ததே அவருடைய இசையமைப்பு என்பது என் பதில். சுருதி, சொல், வெளிச்சம், கத்தி, கேமரா எல்லாம் அவருக்கு ஒரே தாளில் எழுதப்படும் வரிகள். ஸ்வரங்களை மட்டும் தனியே உருவி வாசித்துப் பார்த்தால் அவருடைய பல பக்கங்கள் சாதாரணமாகவே இருக்கும். அவருடைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய தொழில்வாழ்க்கை புரிய இதுதான் வாசல்.

1952இல் நொய்ஷ்டாட் என்ற திராட்சைத் தோட்ட ஊரில் பிறந்தவர். பிராங்க்ஃபர்ட்டில் முதலில் படித்தது சமூகவியல், பிறகுதான் இசை. எழுபதுகளின் பிராங்க்ஃபர்ட் என்றால் காலி வீடுகளை மாணவர்கள் ஆக்கிரமித்த, தினம் ஒரு ஊர்வலம் போன நகரம். 1976இல் நண்பர்களோடு ஒரு பேண்டு வாத்தியக் குழு ஆரம்பித்தார். அதன் பெயர் 'தீவிர இடதுசாரி என்று சொல்லப்படுகிற ஊதுவாத்தியக் குழு'. பெயரிலேயே குறும்பு இருக்கிறது. பத்திரிகைகள் வைத்த பட்டத்தை எடுத்துத் தங்கள் நெற்றியில் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். ஊர்வலத்தில் தெருவில் நடந்துகொண்டே வாசித்த குழு அது. அதே காலத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஹார்த்தோடு இருவர் குழு. 1982 முதல் பத்து ஆண்டுகள் 'காசிபர்' என்ற ராக் குழு. அதில் இங்கிலாந்தின் டிரம்ஸ் கலைஞர் கிறிஸ் கட்லரும் இருந்தார்.

சமூகவியல் மாணவராக அவர் ஆராய்ந்தது ஹான்ஸ் ஐஸ்லரை. நாடகாசிரியர் பிரெக்டின் தோழர், கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர், அமெரிக்காவிலிருந்து கம்யூனிஸ்ட் என்று வெளியேற்றப்பட்டவர். இசை சொல்லுக்குத் தலையாட்டிக்கொண்டு பின்னால் போகக் கூடாது, சொல்லோடு வாதாட வேண்டும் என்பது ஐஸ்லரிடமிருந்து கோயபல்ஸ் எடுத்துக்கொண்ட பாடம். வேறு எதையும் விட இது அவரிடம் நிலைத்து நின்றது.

வயிற்றுப்பாட்டுக்கு நாடகங்களுக்கு இசை. ஹான்ஸ் நோயென்ஃபெல்ஸ், ரூத் பெர்க்ஹவுஸ், மத்தியாஸ் லாங்ஹாஃப் என்று அன்றைய பெரிய இயக்குநர்களோடு வேலை பார்த்தார். நாடகக் கம்பெனியில் இசையமைப்பாளரின் இடம் எங்கேயும் ஒன்றுதான், கறிவேப்பிலையின் இடம். எல்லாம் முடிவான பிறகு கூப்பிடுவார்கள். காட்சி மாறும்போது கொஞ்சம், அழுகைக்குக் கொஞ்சம். ஆனால் அவர் அங்கே ஒன்றைக் கவனித்தார். ஒத்திகையின் முதல் வாரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நாடகத்தின் எலும்பாகிறது. கடைசி வாரத்தில் வருவதெல்லாம் வெறும் ஒப்பனை. வெளிச்சமும் ஒலியும் கடைசி வாரத்தில் வந்தால் அவை ஒப்பனையாகவே இருக்கும். பின்னாளில் தன் சொந்தப் படைப்புகளில் முதல் நாள் ஒத்திகையிலேயே விளக்கு, மைக், உடை, மேடைப் பொருள் எல்லாம் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததன் வேர் இங்கே.

இரண்டாவது ஹைனர் வருவது இந்தக் கட்டத்தில். கிழக்கு ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லர். அவருடைய வசனம் கல் மாதிரி; நிறுத்தற்குறியே இல்லாமல், ஒரு படிமத்தின் மேல் இன்னொரு படிமம். நடிகர்கள் அதை உணர்ச்சி பொங்கப் பேசத் தொடங்கினால் அதன் உயிர் போய்விடும். கோயபல்ஸ் வானொலிக்குப் போனார். 1984இல் செய்த 'பாழ்பட்ட கரை'யில் நடிகர்களையே ஒதுக்கிவிட்டார். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பெர்லின் தெருவுக்குப் போய், எதிரே வந்தவர்களிடம் முல்லரின் வரிகளை நீட்டி வாசிக்கச் சொன்னார். தடுமாறினார்கள், சிரித்தார்கள், இது என்ன என்று கேட்டார்கள். அவர் அத்தனையையும் வைத்துக்கொண்டார். புரியாமல் வாசிக்கிறவரின் குரலில் சொல் பச்சையாக நிற்கிறது. புரிந்தவர் நடிக்கத் தொடங்கிவிடுகிறார். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனிலும் வழிப்போக்கர்களை வைத்து இதே போல ஒன்று செய்தார்.

மேடைக்கு அவர் தன் பெயரில் கொண்டுவந்த தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்று 1993இல், பாரிஸில். வில்ம்ஸோடு செய்த முதல் படைப்பு அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா வாத்தியக்காரர் ஒருவரும் பாடகி ஒருவரும், ஐரோப்பியக் கலைஞர்கள் சிலரும் மேடையில். செக் நாட்டுச் சிற்பி மக்தலேனா யெதெலோவா தலைகீழாகத் தொங்கும் பிரம்மாண்டமான ஒரு பிரமிடைக் கொண்டுவந்து வைத்தார். அதன் முன்னால் நடிகர் எறும்பு மாதிரி. வேறு யாராவது என்றால் நடிகருக்காக பிரமிடைச் சிறிதாக்கியிருப்பார்கள். இவர் நடிகரை அதற்குள் காணாமல் போகவிட்டார். பின்னர் 'இல்லாமையின் அழகியல்' என்று புத்தகமே எழுதும் அளவுக்கு வளர்ந்த சிந்தனையின் முளை இது.

நான் மிகவும் மதிப்பது 1996இல் வந்த 'வெள்ளையில் கறுப்பு'. பிராங்க்ஃபர்ட்டில் ஒரு பழைய டிராம் பணிமனை அரங்கமாக மாறியிருந்தது. அங்கே என்செம்பிள் மாடர்ன் குழுவின் 18 இசைக்கலைஞர்கள். நடிகர் யாரும் இல்லை, வாத்தியக்காரர்களே எல்லாம். வரிசை வரிசையாக பெஞ்சுகள். எழுதுகிறார்கள், காகிதத்தில் பேனா உரசும் சத்தம் மைக்கில் பெரிதாகி அரங்கம் நிறைகிறது. பகடை உருட்டுகிறார்கள். பூப்பந்து ஆடுகிறார்கள். டென்னிஸ் பந்தைத் தூக்கி டிரம் மேல் எறிகிறார்கள். சிலது படுகிறது, சிலது தவறுகிறது, தவறுவதும் இசையில் ஒரு மௌனமாகச் சேர்ந்துவிடுகிறது. புல்லாங்குழல்காரர் அடுப்பில் கெட்டிலை வைக்கிறார். தண்ணீர் கொதித்து அது விசிலடிக்கத் தொடங்கியதும் அதனோடு சேர்ந்து வாசிக்கிறார். கெட்டிலுக்குத் தன் ஸ்ருதி எதுவென்று தெரியாது, எப்போது ஏறும் என்றும் தெரியாது. மனிதர் அதன் பின்னால் போகிறார். சில நிமிடம்தான். ஆனால் தேர்ந்த வித்வான் ஒருவர் கெட்டிலுக்குப் பின்பாட்டு வாசிப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நடத்துநர் இல்லை, கதாநாயகன் இல்லை. பல நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை, கண்ணும் காதும் தாங்களே அலைய வேண்டியிருக்கிறது. திருமண மண்டபத்தில் ஐந்து இடத்தில் ஐந்து விஷயம் நடக்கும்போது நம் கவனம் எப்படித் தானே ஒரு வழி போட்டுக்கொள்ளுமோ, அப்படி.

இதற்கு நடுவில் ஒரு குரல் வருகிறது. எட்கர் ஆலன் போவின் 'நிழல்' என்ற சிறு கதையை ஜெர்மனில் வாசிக்கும் குரல். படிக்கிற நீங்கள் இன்னும் உயிரோடு இருப்பவர்கள், எழுதும் நானோ இதற்குள் நிழல்களின் உலகுக்குப் போயிருப்பேன் என்று தொடங்கும் கதை. வாசிப்பது ஹைனர் முல்லர். முன்பே பதிவு செய்து வைத்த ஒலி. முல்லர் 1995 டிசம்பர் 30 அன்று இறந்தார். படைப்பு மேடையேறியது சில மாதங்களில். போ எழுதிய வரி வாசித்தவர் மேலேயே வந்து விழுந்துவிட்டது. இரங்கல் இசை என்று திட்டமிட்டு எழுதியிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது. வாத்தியக்காரர்கள் யாரும் துக்கமாக முகத்தை வைத்துக்கொள்வதில்லை. அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள், இறந்தவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த பத்து ஆண்டுகளை வேகமாகவே கடக்கலாம். 1998இல் ஐஸ்லரின் நூற்றாண்டுக்கு 'ஐஸ்லர்மெட்டீரியல்': கலைஞர்கள் மேடையின் மூன்று ஓரங்களில் உட்கார, நடுவே வெறுமை, அங்கே ஐஸ்லரின் சின்னஞ்சிறு சிலை. நடத்துநர் நிற்க வேண்டிய இடத்தில் செத்துப்போன குரு. அதே ஆண்டு 'மேக்ஸ் பிளாக்': வில்ம்ஸ் ஓர் ஆய்வுக்கூடத்தில் நெருப்போடு விளையாடுகிறார், அவர் எழுப்பும் சத்தங்களே அங்கேயே பதிவாகி இசையாகத் திரும்பி வருகின்றன. 2000இல் 'ஹஷிரிகாகி': மூன்று பெண்கள், அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் வாசகங்கள், பீச் பாய்ஸின் பாப் இசை, ஜப்பானிய வாத்தியங்கள். படிக்கும்போது கதம்பமாகத் தோன்றும், மேடையில் அது இனிப்பாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிக இனிப்பு. 2007இல் லண்டனில், ஸ்டைனின் போர்க்கால நினைவுகளை வைத்து ஒரு படைப்பு. பெண் கலைஞர்கள் முன்னால், வீட்டுக் கூடம் போன்ற அமைப்பில், மேசை விளக்கொளியில் வாசித்துக்கொண்டே ஸ்டைனின் வரிகளையும் அவர்களே சொல்கிறார்கள். போரில் சர்க்கரை கிடைக்காது, அதனால் தேன் சாப்பிடுவோம் என்பது போன்ற வரிகள். அந்தச் சலிப்பில்லாத வீட்டுக் குரலில்தான் போர் பயமாக இருக்கிறது.

இதெல்லாம் ஒரு தனி மனிதரின் மேதைமையால் மட்டும் நடந்ததாக நான் நம்பவில்லை. பின்னால் இடங்கள் இருந்தன. என்செம்பிள் மாடர்ன் 1980இல் தொடங்கிய, கலைஞர்களே நிர்வகிக்கும் குழு. இதெல்லாம் என் வேலையில் சேராது என்று அவர்களில் யாரும் பூப்பந்து மட்டையைக் கீழே வைக்கவில்லை. மரபான ஆர்கெஸ்ட்ராவில் ஒப்பந்தத்தைக் காட்டியிருப்பார்கள். லோசானின் வீடி அரங்கம், இயக்குநர் ரெனே கொன்சாலெஸ் இருந்த காலத்தில், என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே மேடையைத் திறந்து கொடுத்தது. இசைத்தட்டு வெளியிடும் இசிஎம் நிறுவனம் ஒலிநாடா காலத்திலிருந்து அவருடைய இசையை வெளியிட்டது. மேடையும் வெளிச்சமும் கிளவுஸ் குரூன்பெர்க், ஒலி வில்லி போப் என்று அதே கூட்டாளிகள் ஆண்டுக்கணக்கில் கூட இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஐரோப்பிய அரசுகளின் கலை மானியம். முதல் நாளே எல்லா விளக்கும் மைக்கும் வேண்டும் என்ற பிடிவாதம் அழகியல் கொள்கைதான், ஆனால் அதற்கு வாடகை உண்டு. அந்த வாடகையைக் கட்ட ஆளிருந்தது என்பதைச் சொல்லாமல் அவரைப் பின்பற்றச் சொல்வது நியாயமில்லை.

1999 முதல் 2018 வரை கீசென் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர். 2012இல் நார்வேயின் சர்வதேச இப்சன் விருது, 25 லட்சம் குரோனர். இசையமைப்பாளர் ஒருவருக்கு நாடகாசிரியரின் பெயரிலான விருது. 2012 முதல் 2014 வரை ஜெர்மனியின் ரூர்ட்ரியனாலே விழாவின் கலை இயக்குநர். பழைய இரும்பு, நிலக்கரி ஆலைகளில் நடக்கும் விழா அது. கையில் விழா வந்ததும் தன் படைப்புகளை வரிசையாகப் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். அவரும் ஒன்றிரண்டு வைத்தார். ஆனால் தொடக்கத்துக்கு வைத்தவை ஓபரா அரங்குகள் தொட அஞ்சும் பிறருடைய படைப்புகள். 2012இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். 2013இல் இன்னொரு அமெரிக்கர், ஹாரி பார்ட்ச். ஒரு ஸ்தாயியை 43 பாகமாகப் பிரித்தவர், அவருடைய இசைக்குத் தனி வாத்தியங்களே செய்ய வேண்டும், செய்தார்கள். 2014இல் டச்சுக்காரர் லூயி ஆந்திரீசனின் 'டி மாட்டேரி'. டூயிஸ்பர்க்கின் பழைய ஆலைக் கூடத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, நூறு செம்மறி ஆடுகள் மேய்ந்தபடி நடந்தன. 2016இல் நியூயார்க்கிலும் அதே மாதிரி நூறு ஆடுகள். ஆடு நடத்துநரைப் பார்க்காது.

குறை சொல்வதென்றால் இரண்டு. முதலாவது, மேடையில் யாருமில்லை என்பதால் அதிகாரமும் இல்லை என்று ஆகாது. ஆளை அகற்றுபவர் அங்கே இல்லாமலே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கலாம். கோயபல்ஸின் மேடையில் ஒரு நிழல்கூடத் தற்செயலாக விழுவதில்லை. பார்வையாளருக்குச் சுதந்திரம் என்கிறார். அதை அவர் அளந்துதான் தருகிறார்.

இரண்டாவது, குரல்களின் விஷயம். 2021இல் பெர்லினில் முதலில் ஒலித்த 'எ ஹவுஸ் ஆஃப் கால்' பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன படைப்பு. அதில் பெரிய ஆர்கெஸ்ட்ரா பழைய ஒலிப்பதிவுகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவற்றுக்குப் பதில் வாசிக்கிறது. முல்லர் அதில் உண்டு, கோயபல்ஸின் வயதான தாயின் குரல்கூட உண்டு. ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மன் முகாம்களில் கைதிகளாக இருந்தவர்களின் பாட்டும், 1931இல் நமீபியாவில் ஒரு ஜெர்மானியர் இனவாத நோக்கில் பதிவு செய்த குரல்களும் அதில் வருகின்றன. அந்த மனிதர்களிடம் மாட்டேன் என்று சொல்ல வாய்ப்பு இருந்ததா? இந்தப் பதிவுகள் எந்தக் கையால் எடுக்கப்பட்டவை என்பதை அவர் மறைப்பதில்லை, குரலை அலங்காரமாக்குவதும் இல்லை. ஆர்கெஸ்ட்ரா காத்திருந்து, கேட்டு, பிறகே வாசிக்கிறது. அப்படியும் கைதட்டல் பெர்லினில்தான் விழுகிறது. எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை, உறுத்தல் மட்டும் உண்டு.

வேண்டுமென்றே கடைசிக்கு வைத்த படைப்பு ஒன்று இருக்கிறது. 2007, மறுபடி வீடி அரங்கம், 'ஷ்டிஃப்டரின் பொருள்கள்'. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரிய எழுத்தாளர் அடால்பெர்ட் ஷ்டிஃப்டர், கதையை நிறுத்திவிட்டுப் பனியையும் மரத்தையும் பக்கம் பக்கமாக வர்ணிப்பவர்; அவர் பெயரால் வந்தது தலைப்பு. வில்ம்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மேடையை விட்டு இறங்கிப் போனாரல்லவா? இதில் நடிகர் யாரும் வரவே இல்லை. நடிகரே இல்லாவிட்டால் பார்வையாளரின் கவனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அவர் போட்டுப் பார்த்த கேள்வி.

ஐந்து பியானோக்கள், உறை கழற்றப்பட்டு, நரம்பும் சுத்தியும் வெளியே தெரிய, இலையில்லாத மரங்களோடு சேர்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் மூன்று பெரிய தொட்டிகள். தொடக்கத்தில் பணியாளர் இருவர் வந்து சல்லடையால் வெள்ளைப் பொடியைத் தூவி, குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு பொருள்களின் ராஜ்ஜியம். பியானோ தானே வாசிக்கிறது. கற்பலகை உரசுகிறது. 1905இல் பாப்புவா நியூ கினியாவில் மெழுகு உருளையில் பதிந்த, காற்றை அழைக்கும் மந்திரக் குரல் வருகிறது. ஒரு குரல் ஷ்டிஃப்டரின் பக்கத்தை வாசிக்கிறது: பனிக்காட்டில் வண்டியில் போகிறவர்கள் என்னவென்று தெரியாத ஓர் ஓசையைக் கேட்டு நிற்கிறார்கள், உறைபனியின் பாரம் தாங்காமல் மரங்கள் முறிகின்றன. மானுடவியலாளர் லெவி ஸ்ட்ராஸின் பழைய வானொலிப் பேட்டி வருகிறது. மனிதன் பார்க்காத இடம் இனி உலகில் இல்லை என்கிறார். தொட்டிகளில் மழை பெய்கிறது. அந்த மழைக்கு நடுவில் பாக்கின் இத்தாலியன் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியை யாரும் தொடாத பியானோ வாசிக்கிறது. காணொளியில் பார்த்தால் பாதி போய்விடும். தண்ணீரின் வாசனை வராது.

அப்பாடா, என்ன நினைக்க வேண்டும் என்று சொல்ல மேடையில் ஒருவரும் இல்லை என்று பார்த்தவர்கள் தன்னிடம் சொன்னதாக கோயபல்ஸ் எழுதியிருக்கிறார்.

கடைசியில் அந்தப் பியானோக் கூட்டம் தண்ணீரைத் தாண்டி நம்மை நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது. நின்று, திரும்பிப் பின்னால் போகிறது. தொட்டியில் புகை குமிழியிடுகிறது. வெளிச்சம் வருகிறது, கைதட்டுகிறார்கள், குனிந்து வணங்க யாருமில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு ஒவ்வொருவராக இறங்கி வந்து தொட்டியோரம் நின்று, இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறார்கள்.